ஆராய்ச்சிச் சாலை அமைக்கும் முறை

புதிய கட்டடம் ஒன்று எழும்புங்கால் அதன் முகப்பை நோக்கி மகிழ்வார் பலர். அதனுள்ளே உழைக்கப் போகின்றவர் யாவர், அவர்க்கு வேண்டுவன யாவை என்று வினவுவார் சிலரே. மண்டபமோ மாளிகையோ ஆயின் இதனாற் பேரிழுக்கு நேராது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கென எழுப்பும் மனையிலோ இப்பிழை இட்ட முதலையே விழுங்கிவிடும். நம் நாட்டுக் கல்லூரிகள் பல ஆராய்ச்சிச் சாலைகளை நிறுவ முற்பட்டுவரும் இக்காலத்தில், இதுபற்றி எமக்குத் தோன்றுவனவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சென்னையினின்று மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையை அடுத்துச் சிறுசேரி என்னும் ஊர் உளது. சிப்காட் நிறுவனத்தார் ஆங்கு அமைத்த தொழில்நுட்பப் பூங்காவிற் பெருங் கம்பெனிகளின் மாளிகைகள் நிரம்ப உள்ளன. அவற்றிடையே 5 ஏக்கர் நிலத்தில் ஆரவாரமின்றி அமைந்திருப்பது சென்னைக் கணிதவியல் கழகம். காஞ்சியிற் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்று, 2020-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி அவர்கள், 1989-இல் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தின் ஆதரவிற் தொடங்கிய கணிதப் பள்ளியே நாளடைவில் இக்கழகமாயிற்று. தியாகராய நகரில் நெடுநாள் இயங்கிய பின்னர் 2005 அக்டோபரில் சிறுசேரிக்குக் குடிபுகுந்தது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. கட்டடம் எழுமுன்னரே கழகம் இருந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் இருந்தனர். தமக்கு வேண்டியது இன்னதென அவர்கள் பதினாறு ஆண்டுப் பழக்கத்தால் அறிந்திருந்தனர். கணிதருக்குக் கருவிகள் மிகுதியாக வேண்டா. கரும்பலகையும், நூலகமும், மூவர் நால்வர் கூடி உரையாடுதற்கோர் இடமும் இன்றியமையாதன. முதலிற் கல்விக்குரிய கட்டடம் எழுந்தது; நூலகமும் மாணவர் விடுதியும் பிறகு பொருள் கிடைத்த அளவிற்கேற்ப எழுந்தன. ஒரே மூச்சிற் பெருமாளிகை எழுப்பி, உள்ளே ஆளின்றிப் பூட்டிவைக்கும் வழக்கத்தினும் இது நன்றன்றோ?

அக்கழகத்திற் பிறிதொரு செய்தியும் எம்மைக் கவர்ந்தது. சமையலறையிற் பாத்திரங் கழுவிய நீரை, மண்புழு ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் வகுத்த முறைப்படி, இரசாயனப் பொருள் யாதொன்றும் சேர்க்காது தூய்மை செய்து நிலத்துள் இறக்கும் ஏற்பாடு 2006-இற் செய்யப்பட்டது. கடலோர நிலத்தில் நன்னீரை அளவின்றி இறைத்தால் உவர்நீர் உட்புகும் என்பதை அப்பக்கத்துக் குடியானவர் அனைவரும் அறிவர். நிலத்தினின்று எடுத்த நீரை நிலத்துக்கே மீட்டளிப்பது அவ்விடத்திற்கு ஏற்ற செயலே.

இனி வெயிலைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுதல் வேண்டும். ஐரோப்பியர் நூல்கள், ஆய்வுக்கூடத்தின் சாளரங்களை வடக்கு நோக்கி வைத்தால் நேர்வெயில் படாது மெல்லொளியே வரும் என்று கூறும். அஃது அவர் நாட்டுக்கு உண்மை. சிறுசேரியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பதின்மூன்று பாகையில் உள்ளது. ஏப்ரல் மாதக் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் நண்பகற் சூரியன் நமக்கு வடபுறமாகவே செல்கின்றது. ஆதலின் கோடை முற்றிய காலத்தில் வடக்குச் சாளரத்துக்கும் மறைப்பு வேண்டும். மேல்புறச் சுவரையோ இயன்ற மட்டும் குறுக்கிச் சாளரமின்றி விடுதலே தக்கது. பிறநாட்டுப் படத்தைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டு, அவ்வெப்பத்தைப் போக்க இரவும் பகலும் குளிர்பொறிகளை ஓட்டுவாரைக் காணுந்தோறும் எமக்கு நகைப்பும் துயரும் ஒருங்கே உண்டாகின்றன.

கடலும் கணக்கிற் சேர்க்க வேண்டியதே. உப்புக் காற்று கான்கிரீட்டினுள் உள்ள இரும்பை அரித்து அதனைப் பிளந்துவிடும். ஈரம் மிக்க மாதங்களிற் கண்ணாடி வில்லைகளிற் பூஞ்சை படரும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆயினும் ஊழியர் குடியிருப்பிற் பலர் உயிர் துறந்தனர். உலைக்கு நினைத்த அளவு உறங்குவார்க்கும் நினைத்தல் வேண்டும் என்று அன்று முதல் யாம் எண்ணி வருகின்றோம்.

இரசாயன, உயிரியல் ஆய்வுக்கூடங்கட்குக் கணிதர் மனையினும் கவலை மிகுதி. காற்றும், நீரும், வாயுக் குழாய்களும், மின்கம்பிகளும் அவற்றின் நரம்புகள். அமெரிக்காவின் மேற்குக் கரையில், லா ஹோயாவில், 1965-இல் முடிவுற்ற சால்க் ஆராய்ச்சி நிலையத்தில், சிற்பி லூயி கான் ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஒரு தனித்தளம் அமைத்தார். ஆய்வுத் தளத்தில் தூண் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. ஆராய்ச்சி மாறினால் சுவரை மாற்றலாம், பணியை நிறுத்தாமலே குழாயைப் பழுது பார்க்கலாம். அகமதாபாத்தில் நம் நாட்டு மேலாண்மைக் கழகத்தை வகுத்தவரும் அவரே. யாம் அறிந்த ஓரிடத்திலோ, நச்சுப்புகை போக்கும் குழாய் முகப்பின் அழகைக் கெடுக்கும் என்று கருதி அதனைக் குறுக்கிவிட்டனர். காற்று மாறி வீசிய நாட்களில் அப்புகை மாணாக்கர் அமர்ந்திருந்த அறைக்கே மீண்டது. பலர் இருமலோடு பயின்றனர்.

இத்துணைச் சிறப்பும் இல்லாக் கட்டடத்தில் அரிய ஆராய்ச்சி நிகழாதோ எனின், நிகழும். மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில், போர்க்காலத் தேவைக்கென 1943-இல் மரத்தால் எழுப்பிய கட்டடம் ஒன்று 1998 வரை நின்றது. ரேடார் ஆராய்ச்சி அதில் வளர்ந்தது. பின்னர் நோம் சாம்ஸ்கியின் மொழியியலும் அங்கே வளர்ந்தது. அழகில்லாத கட்டடமாதலின் வேண்டியவாறு சுவரைத் துளைக்க எவரும் அஞ்சவில்லை. ஆகவே பொருள் குறைவுடைய கல்லூரிகள் தளர வேண்டுவதில்லை. பளிங்கு பதிக்கும் செலவை நிறுத்தி, அதனைப் பழுதுபார்க்கும் நிதியாக வைத்தாலே போதும்.

கல்லூரித் தலைவர்களிடம் எமது வேண்டுகோள் இது: கட்டடப் படத்திற் கையொப்பமிடுமுன், அதனை ஆய்வுக்கூடத்துப் பணியாளரிடம் ஒருமுறை காட்டுக. கனமான கருவியை எவ்வழி ஏற்றுவது, உடைந்த குழாயை எங்ஙனம் எட்டுவது, மின்சாரம் நின்றால் எப்பொறி முதலிற் கெடும் என்பனவற்றை அவரே நன்கறிவார். அவர் குறை கூறும் இடங்களிற் செந்நிற மையாற் குறியிட்டு, படத்தைச் சிற்பியிடம் திருப்பி அனுப்புக.