கொம்பனித்தெரு சாப்பாட்டுக் கடைகள் சொல்லும் கணக்கு

சாப்பாட்டுக் கடை போட்டவன் நட்டப்பட மாட்டான் என்றொரு பேச்சு நம்மவர் மத்தியில் நெடுங்காலமாக உண்டு. மனிதனுக்கு வயிறு இருக்கும் வரை வியாபாரமும் இருக்கும் என்பது அதன் நியாயம். இதை நம்பி, வெளிநாட்டில் உழைத்த பணத்தைக் கொட்டிக் கடை திறந்து, ஒரு வருடத்துக்குள் கதவை மூடியவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்கள் தத்தமது ஊரிலேயே எண்ணிப் பார்க்கலாம். வயிறு எல்லோருக்கும் உண்டுதான். அது எத்தனை மணிக்கு, எவ்வளவு காசோடு, எந்த வாசலுக்கு வரும் என்று அறிந்தவனே இத்தொழிலில் நிலைக்கின்றான்.

இதைக் கற்றுக்கொள்ளக் கொழும்பில் கொம்பனித்தெருவைப் போல இன்னோர் இடம் இல்லை என்பது எனது அபிப்பிராயம். மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் என்று எல்லோரும் நெருக்கமாக வாழ்ந்த பகுதி இது. வேகந்த பள்ளிவாசலிலிருந்து முருகன் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் நடந்தே போகலாம். சற்றுத் தள்ளிக் கங்காராம விகாரை. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களே வரலாற்றைச் சொல்லும். 1873இல் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படைப்பிரிவில் இருந்த மலாய்ச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் இங்கே வேரூன்றினார்கள். அவர்களோடு பாபத் கறியும் நாசி கோரெங்கும் மலே அச்சாறும் வேரூன்றின. ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ என்று வழங்கிய பெயரை விட்டு, மூன்று மொழியிலும் கொம்பனித்தெரு என்றே வழங்க வேண்டுமென 2022 டிசம்பரில் பிரதமர் அலுவலகம் அறிவுறுத்தியது. பெயரைக் காப்பாற்றியாயிற்று. கடைகளின் நிலை என்ன என்பதே நமது கேள்வி.

முதலில் இங்குள்ள கடைக்காரர்களின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். இவர்கள் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவர் வயிற்றில் ஒருவர் அடிப்பதில்லை. காலையில் பிட்டும் பாபத்தும் விற்பவருக்கு அந்த இரண்டு மணித்தியாலம் போதும். பகலில் காரியாலயக்காரர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டுபவர் வேறொருவர். அஸருக்குப் பிறகு ரோல்ஸ், கட்லட், பிளேன்டீ. இரவானால் கொத்துத் தகட்டின் சத்தம். அண்மையிலுள்ள காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வண்டிகளுக்கும் அந்தி நேரமே சந்தை. ஒவ்வொருவரும் ஒரு நேரத்தைத் தமதாக்கிக் கொண்டிருக்கிறார்கள். புதிதாகக் கடை திறக்கும் நம்மவர் செய்வது என்ன? காலை ஆறு மணி தொடக்கம் நள்ளிரவு வரை புரியாணி, கொத்து, பிரைட் ரைஸ், சூப் என்று அறுபது வகையைப் பலகையில் எழுதுகிறார்கள். மாலையில் மிஞ்சியதைக் கொட்டுகிறார்கள். கொட்டுவது சோறல்ல, முதல்.

பேக்கரிக்காரர்களிடம் வேறொரு பாடம் உண்டு. 2022ஆம் ஆண்டில் கோதுமை மாவின் விலை ஏறி, எரிவாயுவும் டீசலும் கிடைக்காமல் நாடு முழுவதும் போறணைகள் அணைந்தன. விறகுப் போறணையை உடைக்காமல் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். அந்த நெருக்கடியில் சிலர் பாணின் நிறையில் கை வைத்ததும் உண்மை. ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராமுக்கு மேல் குறையக் கூடாது என்று 2024இல் வர்த்தமானி வந்தது அதன் பிறகுதான். ஒரு பாணில் 30 கிராம் குறைத்து நாளுக்கு 500 பாண் விற்பவர், 15 கிலோவை ஊராரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று நமக்குச் சொல்லித்தர வர்த்தமானி தேவையில்லை.

சூன் பாண் வண்டியை நாம் பெரும்பாலும் ஒரு தொழிலாகவே கருதுவதில்லை. பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு, மாலு பாணும் கிம்புலா பனிஸும் ஏற்றிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் முச்சக்கர வண்டி, வாடகை கட்டாத ஒரு கடை. மேல்நாட்டார் பெரிய லொறிகளில் சமைத்து விற்பதை அதிசயமாகப் பேசுகிறோம். நமது பையன்கள் அதை நெடுநாளாகச் செய்து வருகிறார்கள். இவர்களின் மூலதனம் நேரம் தவறாமைதான். பாட்டுச் சத்தம் கேட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் வீடுகள் உண்டு. 2022இல் கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல்தான் ஒதுக்கினார்கள். அந்த 5 லீற்றருக்குள் எந்த ஒழுங்கை இலாபம், எந்த ஒழுங்கை வீண் என்று கணக்குப் பார்க்கப் பழகியவர்கள் அதன் பின்னரும் நன்றாக ஓடினார்கள்.

ஹலால் விடயத்தையும் தொடாமல் போக முடியாது. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. ஜம்இய்யத்துல் உலமா அப்பணியிலிருந்து விலக, பின்னர் அதற்கெனத் தனி நிறுவனம் உருவானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பிரசாரமும் நடந்தது. இந்தக் காயங்கள் சிறியவையல்ல. ஆனால் ஹலால் என்ற சொல்லின் பின்னால் நாம் ஒளிந்துகொள்வதையும் நான் ஏற்கவில்லை. பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் எண்ணெய் சொட்டச் சொட்ட ரோல்ஸைச் சுற்றிக் கொடுப்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால் மட்டும் தலைக்குத் தொப்பி போடுவதும் நமது கடைகளில் நடக்கின்றன. இறைச்சி ஹலாலாக இருந்தால் போதாது, தட்டும் கையும் துப்புரவாக இருக்க வேண்டும். வேற்றுமதத்து வாடிக்கையாளர் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் மேசையைத்தான் பார்க்கிறார்.

இனி, கோபுரங்களின் கதை. 2010இல் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பின் ஜாவா லேன் பகுதியும் அபிவிருத்திக்காகக் கையகப்படுத்தப்பட்டது. 2024இல் ரயில் பாதைக்கு மேலாக மேம்பாலமும் வந்துவிட்டது. ‘மாடி வந்தால் சின்னக் கடை செத்தது’ என்கிறார்கள். இது பாதி உண்மைதான். மாடியில் வேலை செய்யும் காவலாளிக்கும் எழுதுவினைஞருக்கும் பகல் சாப்பாடு வேண்டும். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அவர்கள் சாப்பிடப் போவதில்லை. ஆகவே வாடிக்கையாளர் குறையவில்லை. ஆபத்து வாடகையில் இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் ஓர் இலட்சம் ரூபா வாடகை, 26 நாள் வியாபாரம் என்றால் நாளுக்கு 3,846 ரூபா. பார்சலுக்கு 50 ரூபா மிஞ்சினால், 77 பார்சல் விற்ற பிறகே வாடகை முடியும். வாடகை இரண்டு இலட்சமானால் 154 பார்சல். தொலைபேசிச் செயலி வழியாக விற்றால் கமிஷனும் போகும். அந்த 50 ரூபாவில் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பார்க்காமல் ‘ஓடர் குவிகிறது’ என்று மகிழ்வதில் பயனில்லை.

இதைவிடப் பெரிய பலவீனம், நமது கடைகள் பல வாய்ப்பேச்சில் நடப்பது. ‘வாப்பா காலத்திலிருந்து இருக்கிறோம், வீட்டுக்காரர் நல்லவர்’ என்பார்கள். வீட்டுக்காரர் மௌத்தானால் பிள்ளைகள் காணியை விற்பார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையானது நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எழுதாத ஐந்து வருடக் குத்தகை சட்டத்தின் கண்ணில் வெறும் மாத வாடகையே. காணி கையகப்படுத்தப்படும் நாளில் நட்டஈடு கேட்க, வாப்பாவின் நற்பெயரைக் கொண்டு போக முடியாது. குத்தகை உறுதி, வியாபாரப் பெயர்ப் பதிவு, மாநகர சபை அனுமதிப்பத்திரம், வாடகைப் பற்றுச்சீட்டு ஆகிய நான்கும் ஒரு கோவையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கைப்பக்குவம். பாபத்தைச் சுத்தம் செய்து பதமாக அவிப்பது லேசான வேலையல்ல. தெரிந்த மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள்; பிள்ளைகள் கட்டார், டுபாய் என்று போய்விட்டார்கள். அளவுகளை எழுதி, ஒரு வேலையாளுக்காவது பழக்கிவிடாவிட்டால் இடமும் குத்தகையும் இருந்தும் விற்கச் சரக்கு இருக்காது. எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிரைட் ரைஸை விற்க யாரும் கொம்பனித்தெருவுக்கு வரத் தேவையில்லை.

இது கொழும்புக்காரருக்கு மட்டுமான பேச்சு என்று கண்டி, காத்தான்குடி, புத்தளம் வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். வீதி அகலிப்பும் புதிய கட்டடமும் எல்லா ஊருக்கும் வரும். அடுத்த மாத வாடகையைக் கொண்டு போகும்போது, வீட்டுக்காரரிடம் முகம் பார்த்து, ‘எழுதிக்கொள்வோமா?’ என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், நொத்தாரிசுக் கட்டணத்தில் பாதியை நீங்களே தருவதாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.