திரையில் ஓடும் படத்துக்கு யார் பொறுப்பு?

"எங்கள் சபையில் படம், சுரூபம் எதுவும் கிடையாது" என்று நம் ஆயர்களில் பலர் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் ஆலயங்களிலும் இன்று பீடத்துக்கு இருபுறமும் எல்.இ.டி. திரை தொங்குகிறது. பாடல் வரிகளுக்குப் பின்னால் சூரிய அஸ்தமனம், பனிமலை, ஓடும் மேகம். நெல் விளையும் ஊரில் அறுப்பின் பண்டிகை பிளெக்ஸில் கோதுமை வயல். சபையார் வீடுகளில், 1940-இல் சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் வரைந்த இயேசுவின் முகம் காலண்டராகவும் வசன அட்டையாகவும் நிலைத்துவிட்டது.

படம் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. அதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்காரும் ஒரு வாலிபத் தம்பி. அவரைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீர்த்தனையில் ஒரு சொல் பிசகினால் பாடகர் குழுவைக் கூப்பிட்டுத் திருத்துகிற நாம், திரையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சீர்திருத்த மரபைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் விட்டன்பர்க் நகர ஆலயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1522-இல் அங்கே படங்களை அகற்றும் வேகம் மூண்டபோது, லூத்தர் வார்ட்பர்க் கோட்டையிலிருந்து திரும்பிவந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்து அதைத் தணித்தார். படத்தைக் கும்பிடுவதை அவர் ஏற்கவில்லை. படத்தை உடைத்தால் மனம் திருந்திவிடும் என்றும் நம்பவில்லை. அவர் மறைந்த மறு வருடம், 1547-இல், அதே ஆலயத்தில் ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் உருவான பீட ஓவியம் நிறுவப்பட்டது. அதன் அடிப்பலகையில் ஒரு ஓரத்தில் பிரசங்க பீடத்தில் லூத்தர்: ஒரு கை வேதாகமத்தின் மேல், மறு கை முன்னே நீட்டியபடி. எதிர் ஓரத்தில் பெண்களும் பிள்ளைகளும் தாடிக் கிழவருமாகச் சபையார். நடுவே, அலங்காரமற்ற சுவருக்கு முன், சிலுவையில் கிறிஸ்து. இடுப்புத் துணி பறக்கிறது. ஆயரின் விரல் எங்கே போகிறதோ அங்கேதான் சபையின் கண்ணும் போக வேண்டும். பிரசங்கம் எப்படி இருக்க வேண்டுமென்று ஓவியர் நமக்கே பாடம் நடத்துகிறார்!

சூரிக் வேறு வழியில் போனது. 1524-இல் ஆலயங்களிலிருந்து படங்களை எடுத்துவிட்டார்கள். அந்த மரபில் வந்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வெறுஞ்சுவரையே விரும்பினால் அது மதிக்கத்தக்க முடிவு. ஆனால் அந்தச் சுவரில் மேகம் ஓடக்கூடாது.

நம்மவர் ஒருவரை வரையச் சொன்னால் சரியாகிவிடுமா? கோவாவில் 1902-இல் பிறந்து சாந்திநிகேதனில் பயின்ற ஆஞ்சலோ ட ஃபொன்சேகா, மாநிறத்தில் சேலை உடுத்திய மரியாளை வரைந்தார். சொந்த ஊர்க் கத்தோலிக்கர் பலருக்கு அது பொறுக்கவில்லை. பூனாவில் ஆங்கிலிக்கன் ஆசிரமம் ஒன்றுதான் அவருக்கு இடம் கொடுத்தது. 1967-இல் மறைந்த அவருடைய ஓவியங்கள் இன்று கோவாவிலேயே போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன. அதற்குள் வேறொரு நோய் வந்துவிட்டது: தாமரையும் குத்துவிளக்கும் போட்டால் இந்தியக் கிறிஸ்தவக் கலை ஆகிவிடும் என்ற எண்ணம். அதுவும் பிளெக்ஸ் புத்திதான்.

ஐசன்ஹைம் பீடத்துக்கு 1512-16-இல் வரைந்த குரூன்வால்ட், தம் ஓவியத்தின் முன் யார் வந்து நிற்பார்கள் என்று யோசித்தார். அந்தத் துறவிமடம், நச்சுத் தானியத்தால் சதை அழுகும் நோயாளிகளைப் பராமரித்த இடம். அவர் தீட்டிய கிறிஸ்துவின் தோலெங்கும் புண். அவருடைய பாணியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை, அந்த யோசனை போதும். உப்பளத்திலும் தீப்பெட்டி ஆலையிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் வந்து உட்காருகிறவர்களுக்குப் பனிமலை என்ன சொல்லும்?

இந்த லெந்து நாட்களில் திரையின் பின்னணியைக் கறுப்பாக்கி, வரிகளை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பின்னர் ஒரே ஒரு ஓவியத்தை வரையச் சொல்லுங்கள். ஓவியரைச் சில ஞாயிறுகள் ஆராதனையில் உட்கார வையுங்கள். முதல் கோட்டோவியத்தைச் சபையார் முன் வைத்து, முணுமுணுப்பை அப்போதே கேட்டுவிடுங்கள். சவுண்ட் சிஸ்டத்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்கும் சேகரக் கமிட்டி, ஓவியரிடம் மட்டும் "கர்த்தருக்குச் செய்கிற ஊழியம்தானே" என்று இழுக்கும். அதற்கு இடம் கொடாமல், அவருடைய கூலியை வருட பட்ஜெட்டில் தனி வரியாக எழுதி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள்.