ரயிலைக் கேட்டால் நடைபாதையா? ஏரிக்கரை யாருக்கு?



கொஞ்ச நாளாக ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஓட்டம் நின்றுபோன ரயில் பாதைகளைச் சுத்தம் செய்து, மரம் நட்டு, நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆக்க வேண்டுமாம். தன்னார்வலர்கள் கடப்பாரையோடு வருவார்களாம், அரசுக்குக் காசு செலவில்லையாம். அதே சூட்டோடு நம் ஏரிக்கரை, வாய்க்கால் கரைக்கும் அளவு எடுக்கிறார்கள். அமெரிக்காவில் செய்துவிட்டான், நாமும் செய்வோம் என்கிறார்கள்.

சரி, அமெரிக்காக்காரன் என்ன செய்தான் என்று முழுசாகப் பார்ப்போம். விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் - ஸ்பார்ட்டா என்ற பழைய ரயில் பாதை 1960களிலேயே சைக்கிள் பாதை ஆனது. 1983இல் அதற்கு ஒரு சட்டத் திருத்தமும் கொண்டு வந்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இப்போதைக்கு நடந்துகொள், நாளைக்கு ரயில் வேண்டுமென்றால் பாதையை ரயிலுக்கே விட வேண்டும் என்று. இதை நம்மிடம் யாராவது சொன்னார்களா? இன்னொன்றும் சொல்லமாட்டார்கள். வயோமிங் மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் நிலத்துக்குள் போன ரயில் பாதை கைவிடப்பட்டது. அரசு அந்த இடம் எனக்கு என்றது. அந்தக் குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. 2014இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ரயிலுக்குக் கொடுத்தது வழி உரிமை மட்டும்தான், ரயில் போனதும் நிலம் நிலத்துக்காரனுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் எட்டு பேர் ஒரே பக்கம்!

இனி நம் ஊருக்கு வருவோம். பேரளம் - காரைக்கால் ரயில் பாதை பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் 1898இல் போட்டது. 1980களில் நஷ்டம் என்று சொல்லி நிறுத்தினார்கள். ஏறக்குறைய நாற்பது வருடம் அங்கே கருவேல முள்தான் ஓடியது. காரைக்கால் மக்கள் ஓயாமல் கேட்டார்கள். கடைசியில் அதே 23 கிலோமீட்டரில் அகலப் பாதை போட்டு 2025இல் சோதனை ஓட்டம் நடந்தது. நடுவிலே யாராவது அங்கே சிமெண்ட் கல் பதித்து, பெஞ்சு போட்டு, பலகை நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பொதுமக்கள் பயன்படுத்துகிற இடம், தொடக்கூடாது" என்று ஸ்டே வாங்கியிருப்பான்!

மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதைக்கு இன்னும் அந்த நல்ல காலம் வரவில்லை. 1926இல் ஓடத் தொடங்கி 1986இல் நின்றது. தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 புயல் ரயிலையும் பாதையையும் கொண்டுபோனது. ரயில் திரும்பவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்தது, சுற்றுலாக்காரன் கார் நிறுத்தி போட்டோ எடுக்க வசதியாக.

ரயில் பாதை யார் சொத்து என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தீர்வையோடு சேர்த்து ரயிலுக்கென்று தனியாகச் செஸ் வசூல் பண்ணியது. அந்தப் பணத்தில்தான் 1894இல் மாயவரம் - முத்துப்பேட்டை ரயில் ஓடியது. உழவன் தலையில் வரி போட்டுப் போட்ட தண்டவாளம் அது. நெல் மூட்டை ஏற்றத்தான் போட்டது, தொப்பை கரைக்க இல்லை.

நமக்கு என்ன இருக்கிறது? வில்லியனூர் வழியாக விழுப்புரம் ரயில் 1879லிருந்து ஓடுகிறது. பாகூர்க்காரனுக்கு ரயில் பிடிக்க இன்னும் கடலூரோ புதுச்சேரியோதான் கதி. கடலூர் வரைக்கும் கிழக்குக் கடற்கரைப் பாதை என்று பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் படிக்கிறார்கள், நாமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனோம். லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலையும் நின்றது. (அதற்குள்ளும் வாக்கிங் போகலாம் என்று யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள்.)

ரயில் பாதை இல்லாததால் இந்த ஆசை நம் கரைகள் மேல் பாய்கிறது. நம் பகுதியில் 84 ஏரிகள். வேல்ராம்பட்டு ஏரியும் கனகன் ஏரியும் ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கொடுத்தவை. இன்று அங்கே போட்டும் நடைபாதையும்தான் பேச்சு, மதகு எது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் அந்த கதி வரவேண்டுமா? சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பங்காரு வாய்க்காலை பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீர் வரத்தான் வெட்டினார்கள்.

கரை என்பது நமக்கு ரோடு. அதன்மேல்தான் நாற்றுக் கட்டு போகும், டிராக்டர் போகும், அறுவடை மிஷின் போகும், மாடு மேயும். நடைபாதை என்றால் முதல் வேலையாக முகப்பில் இரும்புக் கம்பம் நடுவான், வண்டி வரக்கூடாது என்று. கரை உடைந்தால் மண் லாரி எந்த வழியாகப் போகும்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பெருக்கெடுத்து, பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்ததே, அன்று இந்த வாக்கிங் கூட்டம் எங்கே இருந்தது? மணல் மூட்டைக்கு ஓடினவன் யார்?

குப்பை பொறுக்க வருகிற பிள்ளைகள் மேல் நமக்குக் கோபமில்லை. ஆகாயத்தாமரை அள்ள வரட்டும், நாமும் கூட இறங்குவோம், மோரும் கொடுப்போம். ஆனால் தூர் வாருவது பொதுப்பணித் துறை வேலை. அந்த வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கூலியாக நம் கரையை எழுதிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். பாதைக்குப் பின்னால் யார் வருகிறான் என்பதையும் பாருங்கள். ரயில்வேயின் காலி நிலத்தை வணிகத்துக்கு விடுவதற்கென்றே 2006இல் ஒரு தனி ஆணையம் வைத்திருக்கிறார்கள். இன்று பெஞ்சு, நாளை டீக்கடை, மறுநாள் ரிசார்ட்.

யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள்? பிரெஞ்சுக்காரன் காலத்தில்கூட ஏரிக்கு விவசாயிகள் சிந்திகா இருந்தது. ஐரோப்பிய நிதியில் 1999க்குப் பிறகு ஏரி சீரமைத்தபோது ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் வைத்தார்கள். 38 வருடம் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடத்தினார்கள். 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபிறகு வருடக்கணக்காகத் தேர்தலே வைக்கவில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் கதவைத் திறப்பான்.

அதனால் நாம் கேட்பது இதுதான். ஏரிச் சங்கத்தைக் கூட்டி ஒப்புதல் வாங்காமல் எந்தக் கரையிலும் ஒரு கல் பதிக்கக்கூடாது. வண்டிப் பாதையும் மாட்டுப் பாதையும் இருந்தபடி இருக்க வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தல் வை. எந்தத் திட்டத்துக்கு நிலம் எடுத்தாலும் 2013 சட்டத்தின் 101ஆம் பிரிவை மறக்காதே. எடுத்த நிலம் 5 வருடம் சும்மா கிடந்தால் பழைய உடைமைக்காரனுக்கோ அரசின் நில வங்கிக்கோ போகவேண்டும் என்று அது சொல்கிறது. நில வங்கிக்கு என்று சாக்குச் சொல்லாதே, உழுதவனிடம் கொடு. பாகூருக்கு ரயில் விடு.

ஒவ்வொரு ஊரிலும் எந்தக் கரையில் அளவுக்கல் நட்டிருக்கிறது, எந்த மதகுப் பக்கம் கம்பி வேலி வந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் வண்டி மறிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஏரிச் சங்கத்து ஆட்கள் கையெழுத்தோடு சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தக் கட்டோடுதான் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போகப் போகிறோம்.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்