பழ வாசனை என்று எழுதினால் போதுமா?



மகள் வேலை பார்க்கும் பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து போன வாரம் ஒரு பீர் கோப்பையின் படம் போட்டிருந்தேன். ஒரு சிறிய புரூவரியின் பிளாண்ட் ஏல். ஆல்கஹால் 6.5 சதவீதம். பழ மணம் தூக்கலாக இருக்கிறது, கூடவே வறுத்த கொட்டை மணமும் வருகிறது, இது அபூர்வம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன்.

வந்த கமெண்ட்டுகள் இரண்டு வகை. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா மாமா?" என்பது முதல் வகை. 33 சென்டிலிட்டர் பாட்டில், அதை மகளும் நானும் பாதிப் பாதியாக, ஒரு மணி நேரம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்திருக்கும் விசாரணைக் கமிஷனை இத்தோடு கலைத்துவிடலாம்.

இரண்டாவது வகைதான் என்னைக் கிளறிவிட்டது. "சார், ஆப்ல பாத்தேன், அதுக்கு 3.4 தான் போட்டிருக்காங்க. வேற நல்லதா வாங்கியிருக்கலாமே." எழுதியவன் பிளஸ் டூவில் என்னிடம் வேதியியல் படித்தவன். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப்பேர் என் மாணவர்கள்.

தம்பி, அந்த 3.4 எதற்கு? வாசனைக்கா, சுவைக்கா, நுரைக்கா? 34 வருடம் விடைத்தாள் திருத்தியவன் கேட்கிறேன். அரை மார்க் குறைத்தால்கூட, எந்த வரியில் ஏன் குறைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லாத மார்க்கை நீங்கள் அன்று ஒப்புக்கொண்டதே இல்லை, ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றீர்கள். இன்று யாரோ முகம் தெரியாதவர்கள் போட்ட எண்ணை மட்டும் அப்படியே விழுங்குகிறீர்களே!

பீருக்கு முறையான மதிப்பீடு இல்லாமல் இல்லை. 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பு 50 மார்க்குக்குத் தாள் வைத்திருக்கிறது. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் பதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். முக்கியமாக, பிளாண்டை பிளாண்டாக வைத்துத்தான் திருத்த வேண்டும். ஆப்பில் நடப்பது வேறு. கறுத்துக் கெட்டியான இம்பீரியல் ஸ்டவுட்டும் இந்தச் சாதுவான பிளாண்டும் ஒரே ஐந்து ஸ்டாருக்குப் போட்டி போடுகின்றன. பிரியாணிக்கும் தயிர்சாதத்துக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தால் தயிர்சாதம் பெயிலாகத்தான் செய்யும்.

சரி, ருசிக்கு வருவோம். கரிம அமிலத்துக்கான சோதனை நினைவிருக்கிறதா? எத்தில் ஆல்கஹால், இரண்டு சொட்டு அடர் கந்தக அமிலம், சூடாக்கி சோடியம் கார்பனேட் கரைசலில் ஊற்றினால் பழ வாசனை. உங்களில் பலர் குழாயை மூக்கருகே கொண்டுபோகாமலே, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து 'பழ வாசனை' என்று எழுதியவர்கள். எனக்குத் தெரியும். அந்த எஸ்டர்தான் இந்தக் கோப்பையிலும் இருக்கிறது. பழம் ஒன்றும் போடவில்லை. லாகரை 10 டிகிரி பக்கம் நொதிக்க வைப்பார்கள், ஏலை 20 டிகிரி பக்கம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் எஸ்டர்களைத் தாராளமாகத் தரும். ஐசோஅமைல் அசிட்டேட் என்றால் வாழைப்பழம், எத்தில் ஹெக்சனோயேட் என்றால் ஆப்பிள். கொட்டை மணமும் கொட்டையிலிருந்து வருவதில்லை. முளைகட்டிய பார்லியைக் கொஞ்சம் அதிகமாக வறுத்திருக்கிறார்கள். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேரும் வினை, 1912-ல் பிரெஞ்சுக்காரர் மையார் விவரித்தது. வேர்க்கடலை வறுக்கும்போது தெருவே மணப்பதும், தோசை ஓரம் சிவப்பதும் அதனால்தான்.

பாட்டிலைத் திறந்தவுடன் இதெல்லாம் தெரியவில்லை. ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான். பத்து நிமிடம் மேஜையில் வைத்தேன். வாழைப்பழம் எழுந்தது, பிறகு பழுத்த பேரிக்காய். பாதிக்கு மேல் குடித்தபிறகுதான் கடலை வறுத்த மணம், கசப்புக்குப் பின்னால் மெதுவாக. ஐஸ் மாதிரி இருக்கும்போதே மடமடவென்று இறக்கிவிட்டுப் போனில் தட்டுகிறவனுக்கு இது கிடைக்காது. (நம் ஊர் அரசுக் கடையில் ருசிக்கு இடமே இல்லை. 'கூலிங் இருக்கா?' என்ற ஒரே கேள்வியோடு முடிந்துவிடுகிறது.)

இந்த எண் சும்மா விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நான் வாங்கிய கடையில் விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஆப் மதிப்பெண்ணை ஒட்டியிருந்தார்கள். 3.4 வாங்கியது கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்தது. அந்தச் சின்ன புரூவரிக்காரர் அடுத்த முறை என்ன செய்வார்? வறுத்த மால்ட்டைக் குறைத்து, எல்லோரையும் போல ஒன்றைக் காய்ச்சுவார்.

மார்க் போடும் இடம் யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். 2000-ல் ரசிகர்களுக்காகத் தொடங்கிய ரேட்பீர் தளத்தில், உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ் தன் துணை நிறுவனம் வழியாகப் பங்கு வாங்கியிருந்தது 2017-ல் வெளியே தெரிந்தது. டாக்ஃபிஷ் ஹெட் போன்ற புரூவரிகள் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்றன. 2019-ல் தளமே அவர்கள் கைக்குப் போனது. தேர்வு எழுதுகிறவரே தேர்வு மையத்தையும் விலைக்கு வாங்கினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அந்த நிறுவனத்தின் தலைமையகம் இதே லூவனில்தான் இருக்கிறது.

என் தாளைத் தருகிறேன். வாசனை 12-க்கு 10. தோற்றம் 3-க்கு 2, நுரை சீக்கிரம் அமுங்கிவிட்டது. சுவை 20-க்கு 16, முடிவில் இனிப்பு சற்றே தங்குகிறது, பெல்ஜிய பிளாண்ட் இன்னும் வறட்சியாக முடிய வேண்டும். பதம் 5-க்கு 4. மொத்த அபிப்பிராயம் 10-க்கு 7. பெல்ஜிய பிளாண்டுக்கான விடைக்குறிப்பில் கொட்டை மணம் கிடையாது, கறாரான நடுவர் இன்னும் குறைப்பார். புத்தகத்தில் இல்லாத விடையைச் சரியாக எழுதிய பிள்ளைக்கு நான் என்றுமே மார்க்கை வெட்டியதில்லை. கூட்டினால் 39.

'ஐந்துக்கு 3.9 தானே சார்' என்று கணக்குப் போட வேண்டாம், தம்பி. ஒரு பாட்டில் வாங்கு, பத்து நிமிடம் வெளியே வை, குடித்துவிட்டு 50-க்கு மார்க் போட்டுக் காரணத்தோடு அனுப்பு. 25 என்று வந்தாலும் எனக்குச் சம்மதம். இந்த முறை பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்க்காதே.