கோப்பை மாறினால் குடி கலையாகுமா?

ஒரே செயலுக்கு இரண்டு பெயர் இடுவது உலகத்தின் பழைய வழக்கம். ஏழை செய்தால் ஒரு பெயர். வசதி படைத்தவன் செய்தால் மற்றொரு பெயர். ஏழை குடித்தால் அவன் குடிகாரன். வசதி படைத்தவன் குடித்தால் அவன் சுவைஞன். பெயர் இவ்வாறு பிளவுபடும் இடமெல்லாம் ஓர் அநீதி ஒளிந்திருக்கும். கைவினை மதுவாலைகள் வடிக்கும் 'பேல் ஏல்' என்னும் வெளிர்நிற பீரும், அதைச் சுவைப்பதற்கென வகுக்கப்பட்டுள்ள சடங்கும் அவ்வநீதிக்கு இக்காலச் சான்றுகள்.

அச்சடங்கைச் சிங்கப்பூர் ஆற்றங்கரை மதுவகங்களிலும் கோலாலம்பூரின் நாகரிக வீதிகளிலும் காணலாம். சுவைப்பவர் முதலில் கோப்பையை விளக்கொளியில் உயர்த்தி நிறம் பார்க்கிறார்: பொன்னிறமா, செம்பு நிறமா? நுரை எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று கவனிக்கிறார். கோப்பையை மெல்லச் சுழற்றி முகர்கிறார். பம்ப்ளிமாஸ் தோலின் மணம் எழுகிறது. பைன் மரப் பிசின் மணம் தொடர்கிறது. அடியில் சுட்ட ரொட்டியின் மணம் தங்கியிருக்கிறது. பிறகுதான் ஒரு மிடறு. நாவில் முதலில் மால்ட்டின் மெல்லிய இனிப்பு. அதன்பின் ஹாப்ஸ் பூவின் கைப்பு. விழுங்கிய பின்னும் அக்கைப்பு தொண்டையில் நிற்கிறது. அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதுகிறார், மதிப்பெண் இடுகிறார். சூழ இருப்போர் தலையசைத்து ஆமோதிக்கின்றனர். 'குடித்தார்' என்று அங்கு எவரும் சொல்வதில்லை.

இப்பானத்தின் பின்னால் அறிவும் உழைப்பும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. விறகுப் புகையில் காய்ந்த மால்ட் கருகிப் புகைநாற்றம் கொண்டிருந்த காலத்தில், புகையற்ற கல்கரியால் அதை உலர்த்தும் முறையை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கண்டனர். வெளிர்நிற மால்ட் பிறந்தது. அதிலிருந்து வெளிர்நிற ஏல் பிறந்தது. பர்ட்டன் என்னும் ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுந்திருந்ததால் அங்கு வடித்த ஏல் தெளிவும் கூர்மையான கைப்பும் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள் இத்தகைய ஏலைக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் சுமந்து சென்றன. அவ்வணிகம் தந்ததே 'இந்தியா பேல் ஏல்' என்னும் பெயர். அப்பீப்பாய்கள் இறங்கியது வெள்ளை அதிகாரிகளின் மேசைக்கே; அவற்றைத் துறைமுகத்தில் தூக்கிய கூலிக்கு அதில் ஒரு மிடறும் உரியதன்று. பெயரில் இந்தியா இருந்தது. பந்தியில் இந்தியன் இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சிக்கோ என்னும் சிற்றூரில், 1980ஆம் ஆண்டு சியரா நெவாடா மதுவாலை இக்குடிவகைக்குப் புத்துயிர் ஊட்டியது. கேஸ்கேட் என்னும் அமெரிக்க ஹாப்ஸ் வகையை அது தாராளமாகச் சேர்த்தது. இன்று சுவைஞர் புகழும் பம்ப்ளிமாஸ் மணமும் பைன் மணமும் அவ்வகை ஹாப்ஸ் தந்தவை. 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான மதுவாலைகளே இருந்த அந்நாட்டில், அவற்றின் எண்ணிக்கை பின்னர் 9,000ஐத் தாண்டியது.

'கைவினை' என்னும் சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். குயவனின் சக்கரத்தையும் தச்சனின் உளியையும் நினைவூட்டும் தூய சொல் அது. அமெரிக்க மதுவாலையினர் சங்கமோ, ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய் வரை வடிக்கும் ஆலையையும் 'சிறிய' கைவினை ஆலை என்றே ஏற்கிறது. அது ஏறத்தாழ 70 கோடி லிட்டர்! முன்பு 20 இலட்சம் பீப்பாயாக இருந்த வரம்பு, ஆலைகள் வளர வளர உயர்த்தப்பட்டது. அளவுகோலைத் துணிக்கேற்ப நீட்டும் வணிகன் உலகில் புதியவன் அல்லன். சிகாகோவின் கூஸ் ஐலண்டு ஆலை கைவினைப் புகழால் வளர்ந்து, 2011இல் உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. நிறுவனம் கைமாறியது, கோப்பையின் புகழ் குறையவில்லை.

மெய்யான கைவினை எது? தென்னை மரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளையை நாரால் கட்டி, பதமாகத் தட்டி, நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி, கலயம் மாட்டிக் கள் இறக்கியவனின் வினையே கைவினை. அவனுக்கு ஆலை இல்லை, எந்திரம் இல்லை. பாளையின் சாறு காற்றிலுள்ள நொதியால் தானே புளித்து, சில மணி நேரத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு மதுவாகிறது. காலைக் கள்ளில் இனிப்பு மிகும். மாலைக் கள்ளில் புளிப்பு ஏறும். அதற்கும் மணம் உண்டு, நிறம் உண்டு, நுரையும் உண்டு. ஆயினும், மலாயாத் தோட்டத்தில் தகரக் குவளையில் அதைக் குடித்த தொழிலாளியை எவரும் சுவைஞன் என்று அழைத்ததில்லை. 'கள்ளுக்குடியன்' என்பதே அவனுக்குக் கிடைத்த பட்டம். கள்ளுக்கடையைத் தோட்டத்திலேயே திறந்து வைத்த துரைமார், மாலையில் தங்கள் மன்றத்தில் அமர்ந்து பீரும் விஸ்கியும் பருகியவாறே அத்தொழிலாளியின் ஒழுக்கக் கேட்டைப் பற்றி வருந்தினர்.

கள்ளுக்கு வக்காலத்து வாங்க இது எழுதப்படவில்லை. கள் விளைத்த கேட்டை முதலில் உணர்ந்தவர்கள் அத்தொழிலாளர்களே. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் அவர்கள் ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து, காவல்துறையின் தடியடிக்கும் ஆளாயினர். தம் குவளையைத் தாமே கவிழ்த்த பெருமை அவர்களுக்கு உண்டு. தம் கோப்பையைக் கவிழ்க்குமாறு கேட்டு மறியல் செய்த துரைமாரை வரலாறு கண்டதில்லை.

இருவகை நீதி அக்காலத்தோடு ஒழிந்ததா? 2013 டிசம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதையொட்டிக் கலவரம் மூண்டது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துதல் தடுக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. பொது அமைதிக்குச் சட்டம் வேண்டும், அதில் ஐயமில்லை. சட்டத்தின் எழுத்து எல்லார்க்கும் பொதுவே. ஆனால், அதன் பாரம் புல்தரையைத் தவிர வேறு கூடம் அறியாத ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளியின் மேல்தான் மிகுதியாக விழுகிறது. உரிமம் பெற்ற மதுவகத்தின் குளிர்ந்த அறையில் பேல் ஏலைச் சுழற்றுபவர் அச்சட்டம் இருப்பதையே உணர்வதில்லை. புல்தரையில் அமர்ந்தவனைப் பார்த்து முகம் சுளிப்பவரும் பெரும்பாலும் அவரே.

"பழந்தமிழரும் மது உண்டனரே, நறவும் தேறலும் தோப்பியும் சங்கப் பாடல்களில் இல்லையா?" என்று சிலர் கேட்பர். உண்டு. முளைத்த நெல்லைச் சேர்த்துத் தோப்பி வடித்த முறையைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ஆனால், அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பழமையிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குவது ஆராய்ச்சியாகாது.

"சுவைத்தல் ஒரு கலை, அது கவனத்தைக் கூர்மையாக்குகிறது" என்று வேறு சிலர் வாதிடுவர். இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. உற்று நோக்கி, முகர்ந்து, ஒப்பிட்டு, பொருத்தமான சொல் தேடி எழுதுவது நற்பயிற்சியே. ஆயினும், அப்பயிற்சிக்கு மது தேவையில்லை. தேயிலை மதிப்பீட்டாளர் நாள்தோறும் எத்தனையோ கோப்பைகளை அவ்வாறு சுவைத்துத் தரம் பிரிக்கிறார். அவர் நடை தள்ளாடுவதில்லை. இரண்டு டுரியான் சுளைகளையோ மூன்று வகை மாம்பழங்களையோ மாணவர் முன் வைத்து, அவற்றின் வேறுபாட்டைப் பத்துத் தமிழ்ச் சொற்களில் எழுதச் சொல்லலாம். அறுசுவைக்கும் பெயர் வைத்த மொழியில் சொற்பஞ்சம் இராது.

மதுவின் அளவையும் கணக்குப் பாடத்தில் கற்பிக்கலாம். 330 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பியில் 5 விழுக்காடு மது என்றால், அதில் 16.5 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 13 கிராம் எத்தனால் இருக்கிறது. அந்த 13 கிராம், தான் வந்தது கலயத்திலிருந்தா கண்ணாடிக் கோப்பையிலிருந்தா என்று கல்லீரலிடம் சொல்வதில்லை. மது புற்றுநோய் விளைப்பது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்று மதுவுக்கு இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. பம்ப்ளிமாஸ் மணத்திற்கு இவ்வறிவிப்பில் விலக்கு அளிக்கப்படவில்லை.

எழுத்தாளர்க்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. தோட்டத்துச் சிறுகதைகளில் குடிகாரத் தந்தை நிலையான பாத்திரமாகிவிட்டான். அவன் மனைவியின் கண்ணீர் எத்தனையோ பக்கங்களை நனைத்துள்ளது. அது உண்மை; எழுதப்பட வேண்டியதே. ஆனால், பட்டம் பெற்று, பதவி பெற்று, பேல் ஏல் கோப்பையுடன் நள்ளிரவில் வீடு திரும்பும் தந்தையின் மகன் எந்தக் கதையில் அழுகிறான்? லயத்து வீட்டின் கதவைத் தட்டத் துணிந்த பேனா, அடுக்குமாடி வீட்டின் கதவருகில் ஏன் தயங்குகிறது?

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் மது விலக்கு பேசுங்கால், கள்ளுக்குவளையை மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்டுவது போதாது. அதன் அருகில் துலிப் வடிவக் கோப்பையையும் வரைய வேண்டும். இரண்டின் கீழும் ஒரே சொல்லை எழுத வேண்டும்: குடி. பெயரைச் சமப்படுத்தாத சமுதாயம் நீதியைச் சமப்படுத்தாது. கள்ளைக் கண்டிக்க வாய் திறப்பவர், முதலில் தம் கையிலுள்ள கோப்பையைக் கீழே வைக்கட்டும், பிறகு பேசட்டும்.