மூன்றாம் புள்ளி

நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றின் வரைபைக் கீறுக என்றதும், மாணவருட் பலர் ஏழெட்டுப் பெறுமானங்கள் கொண்ட அட்டவணையை அமைக்கத் தொடங்கிவிடுவர். பிழையன்று, ஆயினும் வீண் உழைப்பு. ஒரு நேர்கோட்டைத் துணிதற்கு இரண்டு புள்ளிகளே போதும். அவ்விரண்டையும் எளிதிற் பெறத்தக்க இடம் அச்சுக்களேயாம்.

எக்ஸ், வை எனப் பாடநூல்கள் வழங்கும் மாறிகளை ஈண்டு முறையே ய, ர என எழுதுவோம். 3ய − 4ர = 12 என்னுஞ் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். கிடையச்சின்மீதுள்ள எப்புள்ளிக்கும் ர பூச்சியமாகும். ஆகவே ர இற்குப் பூச்சியத்தை இட, 3ய = 12; ய = 4. கோடு கிடையச்சை (4, 0) இல் வெட்டும். அவ்வாறே ய பூச்சியமாக, −4ர = 12; ர = −3. நிலைக்குத்தச்சை (0, −3) இல் வெட்டும். 4, −3 என்பனவே வெட்டுத்துண்டுகள். அடிமட்டத்தை வைத்து இரு புள்ளிகளையும் இணைத்து நீட்டினால் வரைபு முடிந்தது.

முடிந்ததா? மறைக்குறியை மறந்து −3 ஐ 3 எனக் குறித்தவருக்கும் அடிமட்டம் அழகிய நேர்கோடொன்றையே தரும். இரண்டு புள்ளிகள் எங்கே கிடப்பினும் அவற்றினூடே ஒரு கோடு செல்லும். பிழையென்று தாள் சொல்லாது. அவ்வரைபைக் கொண்டே வினாவின் பிற்பகுதிக்கு விடை காண வேண்டியிருப்பின், ஒரு சிறு குறி வினா முழுவதையும் விழுங்கிவிடும். பாடம் நன்கு விளங்கிய பிள்ளைகளே பரீட்சை மண்டபத்தில் இவ்வாறு புள்ளிகளை இழக்கின்றனர். (தாளிற் குறிக்கும் புள்ளியையும் பரீட்சைப் புள்ளியையும் ஒரே சொல்லால் வழங்குவது பொருத்தமே போலும்!)

ஆகையால் மூன்றாம் புள்ளியொன்றை யாம் வற்புறுத்துகின்றோம். ய = 8 எனின், 24 − 4ர = 12; ர = 3. (8, 3) கோட்டின்மீது விழுந்தால் அச்சமின்றி மேலே செல்லலாம். குறியை மறந்தவருடைய கோடோ (8, −3) இற்குச் சென்றிருக்கும். ஆறு அலகு விலகிய கோட்டைக் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

2ய − 5ர = 0 போன்றவற்றில் இரு வெட்டுப்புள்ளிகளும் உற்பத்தியிலேயே ஒன்றாகிவிடும். அப்போது ய = 5, ர = 2 என வேறொரு புள்ளியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

வெட்டுத்துண்டுகளுக்குப் பொருளும் உண்டு. 240 லீற்றர் நீருள்ள தாங்கியிலிருந்து நிமிடத்திற்கு 8 லீற்றர் வெளியேறுகின்றது என்போம். ய நிமிடத்தின் பின் எஞ்சும் நீர் ர லீற்றராயின், ர = 240 − 8ய. நிலைக்குத்தச்சிலுள்ள 240 தொடக்கத்தில் இருந்த நீர். கிடையச்சிலுள்ள 30 தாங்கி வெறுமையாகும் நிமிடம். அதற்கப்பால் கோட்டை அச்சின் கீழே நீட்டுவோர் பலர். சமன்பாடு அதற்கு இடந்தரும், தாங்கி தராது. வரைபு அங்கே நின்றுவிடல் வேண்டும்.

பெற்றோர் இதனைத் தம் பிள்ளைகளைக் கொண்டு இன்றே வரைவித்து, 10ஆம் நிமிடத்தில் எஞ்சிய நீரை வரைபிலிருந்து வாசிக்கச் சொல்லலாம். 160 லீற்றர் என விடை வரவேண்டும்.