தேய்ந்ததும் பிழைத்ததும்

பழைய சுவடியைப் பதிப்பிக்க முனைபவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓரிடத்தில் பொருள் விளங்கவில்லையென்றால், அது ஏடு செல்லரித்ததாலா, படியெடுத்தவர் பிழையாலா, அல்லது ஆசிரியரே அப்படித்தான் எழுதினாரா? இதைப் பிரித்தறியாமல் திருத்தத் தொடங்குபவன் நூலையே கெடுத்துவிடுவான். ஏனாத்தூரில் வகுப்பறைதோறும் இதைச் சொல்லிவரும் நான், தந்தையார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் முன் நின்றபோது இதை அடியோடு மறந்துபோனேன்.

ஹெரால்டை நம்மூர் வண்டி என்றே சொல்லலாம். 1959இல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் வெளியிட்ட இக்காருக்கு உருவம் தந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலாட்டி. 1961 முதல் இங்கே தயாரித்தது சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம். ஆலை பெருங்களத்தூரில் இருந்தது. ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் லாவகம் அக்காலத்தில் பெரும் பேச்சு. காஞ்சியின் சந்துகளில் அப்பா அதைத் திருப்புவதைத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

என் கைக்கு வந்தபோது அந்த லாவகம் இல்லை. ஸ்டீரிங் கல்லாய்க் கனத்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற்றினால் நேர்கோட்டில் நில்லாமல் அலைந்தது. வளைவுகளில் பின்புறம் எழும்புவதுபோலிருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். "எல்லாம் பழசு சார். வேற வண்டி ஆக்சிலப் போட்டு, பவர் ஸ்டீரிங் மாட்டி, பின்னால ரெண்டு பட்டை சேத்துத் தூக்கிடலாம்" என்றார்கள். ஒன்றரை லட்சம் ஆகுமாம். பணம் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். இல்லாமற்போனது என் நல்லூழ்.

வேறொரு முதிய மெக்கானிக் கேட்டது ஒரே கேள்விதான்: "டிரனியனுக்கு எண்ணெய் ஊத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனை, மரையிடப்பட்டு ஒரு வெண்கலத் துண்டினுள் திரும்புகிறது. அத்துண்டுக்குத்தான் டிரனியன் என்று பெயர். அதற்குக் கிரீஸ் அன்று, கியர் எண்ணெயே இடவேண்டும் என்பது தயாரித்தவர்களின் அறிவுரை. கிரீஸ் இறுகிப்போனால் நீர் புகும். மரை துருவேறி இறுகும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் வண்டியைப் பிரித்தபோது இடப்பக்கத் தண்டின் மரை துருவால் பாதி தின்னப்பட்டிருந்தது. ஸ்டீரிங் கனத்ததற்கு முதற்காரணம் அதுவே. அந்தக் கனம் வண்டி எனக்குச் சொன்ன எச்சரிக்கை. பவர் ஸ்டீரிங் மாட்டியிருந்தால் எச்சரிக்கை மறைந்திருக்கும், தண்டு முறிந்தேயிருக்கும். சில நூறு ரூபாய் எண்ணெய் செய்யவேண்டிய வேலையை ஒன்றரை லட்சம் செய்திருக்காது.

ஆக, முதல்வகைக் குறை தேய்மானம். தண்டு, ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள், ஸ்டீரிங் ரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர்கள் ஆகியவற்றை மாற்றி, நல்ல டயர் போட்டு, சக்கரங்களை நேர்செய்ததும் அலைச்சல் நின்றது. செலவு 35,000 ரூபாய்க்குள் அடங்கியது.

இரண்டாம்வகைக் குறை ஆசிரியரே செய்தது. ஹெரால்டின் பின்னச்சு இரு பாதிகளாகப் பிரிந்து, நடுவில் மட்டும் மூட்டுக்கொண்டு, தோளிலிருந்து தொங்கும் கைகளைப்போல ஏறியிறங்கும். ஸ்விங் ஆக்சில் என்பர். வளைவில் வேகமாய்ப் போய், அஞ்சி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்புறம் எழும்பி வெளிப்பக்கச் சக்கரம் உள்மடங்கும். 1965இல் ரால்ஃப் நாடர் அமெரிக்கக் கார் நிறுவனங்களைச் சாடி எழுதிய நூலின் முதல் அத்தியாயமே, இதே அமைப்புக் கொண்ட செவ்ரொலே கார்வேரைப் பற்றியதுதான். நூல் வருமுன்பே, 1965 மாடலில் அந்நிறுவனம் அமைப்பை மாற்றிவிட்டிருந்தது. நம் பெருங்களத்தூர்க்காரர்களும் 1972இல் ஹெரால்டைக் கெசல் என்று மாற்றியபோது, இந்த அச்சைக் கைவிட்டு ஒரே தண்டாலான அச்சைப் பொருத்தினார்கள்.

அந்தப் பட்டறை சொன்ன "ரெண்டு பட்டை" யோசனையின் ஆபத்து இங்கேதான் விளங்குகிறது. மேடுபள்ளத்துக்கு அஞ்சிப் பின்புறத்தை உயர்த்துவது நம்மூர் வழக்கம். ஸ்விங் ஆக்சிலில் உயர்த்த உயர்த்தச் சக்கரம் மடங்கும் போக்கு மிகும். செய்யவேண்டியது நேரெதிர்: சற்றுத் தாழ்த்துவது, முன்சக்கரங்களைவிடப் பின்சக்கரங்களில் காற்றைக் கொஞ்சம் கூட்டுவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது. இவற்றுக்குக் காசு அதிகம் வேண்டா. குறையை அறிந்திருந்தால் போதும்.

மேலைநாட்டுப் பழங்கார்ப் பிரியர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. 1965இன் ஷெல்பி ஜி.டி.350, ஃபோர்ட் முஸ்டாங்கிலிருந்து உருவானது. அதன் முன்சக்கரங்களைத் தாங்கும் மேற்கையின் பிடிப்பிடத்தை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். வளைவில் வண்டி சாலையைப் பற்றும் விதமே மாறியது. பழைய முஸ்டாங் வைத்திருப்போர் இன்றும் புதிய துளைகளிட்டு இதைச் செய்துகொள்கிறார்கள். விலையுயர்ந்த உதிரிப்பாகம் எதுவும் தேவையில்லை. எங்கே துளையிடுவது என்ற அறிவே அங்கே முதலீடு.

பழைய வண்டிகளைப் பற்றி இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு திருகாணியையும் மாற்றாதே என்பது ஒன்று. புறத்தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்று என்பது மற்றொன்று. இரண்டுமே வண்டியைப் படிக்காதவர்களின் கட்சிகள் என்பது என் துணிபு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியதால் தேர் தேரல்லாமல் போய்விடவில்லை. உயிருக்கு ஊறான குறையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் தேய்ந்ததைப் பிழையென்று எண்ணி அமைப்பையே வெட்டியெறிவது திருத்தமன்று. சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முன்வைத்து உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த பழம்வண்டி விதிகளும், சட்டத்தை வெட்டி மாற்றிய வண்டியை ஏற்பதில்லை.

எனக்கு எஞ்சியிருக்கும் கவலை வேறு. அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது எங்கும் எழுதப்படவில்லை. டிரனியனுக்கு ஏன் எண்ணெய், பட்டை ஏன் சேர்க்கலாகாது என்பதைத் தமிழில் சொல்லும் ஒரு கையேட்டை நான் கண்டதில்லை. சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த மரபு நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். பட்டறைத் திண்ணையில் பீடி பிடித்தபடி அமர்ந்திருக்கும் சுவடிகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார நமக்கு என்ன தடை? நான் போகத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 40 பக்கம் ஆகியிருக்கிறது.